எட்டு மில்லி

கட்டில் அட்டையில் இன்னும் பெயர் இல்லை:
யாஸ்னா பார்ரியாவின் மகள்,
முப்பத்து நான்கு வாரம், மூன்று நாள்,
ஆயிரத்து அறுநூற்று நாற்பது கிராம்.
புவெர்ட்டோ மான்ட்டில் பதினோராவது நாளாக மழை.
ஜன்னலுக்கு அந்தப் பக்கம் துறைமுகம் இருப்பதைக்
கப்பல் சங்கை வைத்துத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

மூக்கு வழியே போகிறது குழாய்.
அதைப் பிடித்துவைக்கும் பிளாஸ்திரி
கன்னத்தைவிடப் பெரியது.
மூன்று மணிக்கொருமுறை முப்பது மில்லி.
ஊசியில்லாத சிரிஞ்சில் ஊற்றி உயர்த்திப் பிடித்தால்
பால் தன் எடையில் தானே இறங்கும்.
அவளைக் கேட்காமலே அவள் வயிறு நிறையும்.

எனக்குக் குழாய் புதிதில்லை.
சால்மன் கூண்டுகளுக்கு அடியில்
இருபது மீட்டர் ஆழத்தில்
செத்த மீன் பொறுக்குகிறவன் நான்.
மேலே படகில் கம்ப்ரசர் இரையும்.
மஞ்சள் குழாயில் எனக்குக் காற்று வரும்.
கயிற்றை ஒருமுறை இழுத்தால், நலம்.
இருமுறை இழுத்தால், தூக்கு.
இவளிடம் கயிறு இல்லை.

இன்று முதன்முதலாக வாய்வழி.
பேச்சுப் பயிற்சியாளர் மில்லாராய் வென்ச்சூர்
என் தொடைமேல் அவளை ஒருக்களித்துக் கிடத்தினார்;
காது, தோள், இடுப்பு ஒரே கோட்டில்.
இரண்டே வேலை என்று நினைத்திருந்தேன்:
உறிஞ்சுவது, விழுங்குவது.
மூன்றாவதை அவர் சொன்னார். மூச்சு.
"மூன்றும் ஒரே வாசலில் முட்டிமோதும்.
வரிசையில் நிற்க இவளுக்கு இன்னும் தெரியாது."

காம்பு உதட்டைத் தொட்டது.
நாக்கு கொஞ்ச நேரம் யோசித்தது.
ஒன்று. இரண்டு. மூன்று.
"புட்டியைத் தாழ்த்துங்கள்."
தாழ்த்தினேன். காம்பிலிருந்து பால் பின்வாங்கியது.
அந்த இடைவெளியில் ஒரு மூச்சு,
பூனைக்குட்டி தும்மினாற்போல.
மறுபடி ஒன்று. இரண்டு.
தொண்டைக்குள் 'க்' என்று ஒரு சத்தம்.
அதுதான் விழுங்குவது என்றார்.
இவ்வளவு சின்னச் சத்தத்துக்கு
என் காது குனிந்தது இதுவே முதல்முறை.

ஆறாவது மில்லியில் எனக்கு ஆசை வந்துவிட்டது.
எல்லாவற்றையும் வாயால் குடித்தால் வீடு,
அப்படித்தான் சொல்லியிருந்தார்கள்.
தாழ்த்தச் சொன்னது காதில் விழுந்தும்
இரண்டு மிடறு அதிகம் விட்டேன்.

வாயோரம் சாம்பல் பூத்தது.
திரையில் தொண்ணூற்றாறு எண்பத்திரண்டாகி
எழுபத்தொன்பதாகி
மணி அடித்தது.

மில்லாராய் கத்தவில்லை.
புட்டியை எடுத்தார், அவளை நிமிர்த்தினார்,
முதுகில் இரண்டு விரல் வைத்துக்
காத்திருந்தார். அவ்வளவுதான்.
என் கூட்டாளி எலியாசர் ஓயார்சோ
போன குளிர்காலம் பயந்துபோய்
ஒரே வீச்சில் மேலே வந்தான்.
இப்போது இரண்டு கோல் ஊன்றி நடக்கிறான்.
நின்று நின்று வரவேண்டிய வழி அது என்று
புதிதாக வரும் பையன்களுக்கு நான்தான் சொல்கிறேன்.
என் கைக்கு யார் சொல்வது?

தொண்ணூறு. தொண்ணூற்று நான்கு.
உதட்டில் சிவப்பு திரும்பியது.
"பசி போகவில்லை," என்றார், "களைத்துவிட்டாள்.
இரண்டும் ஒன்றில்லை."
எட்டு மில்லி என்று குறித்துக்கொண்டார்.
மிச்சம் இருபத்திரண்டையும் குழாயில் விட
சிரிஞ்சை நானே உயர்த்திப் பிடித்தேன்.
கை வலிக்க வலிக்க அதே உயரத்தில்.

பால் எடுக்கும் அறையிலிருந்து யாஸ்னா வந்தாள்,
சட்டையின் முன்பக்கம் நனைந்து,
கையில் சூடாறாத நாற்பது மில்லி.
எவ்வளவு, என்றாள். சொன்னேன்.
"எட்டா?"
நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து சிரித்தாள்,
நிறுத்த முடியாமல், மூக்கைத் துடைத்துத் துடைத்து.
எழுபத்தொன்பதை அப்போது நான் சொல்லவில்லை.

ஆறு மணிப் பாலுக்கு
மகள் கண்ணே திறக்கவில்லை.
உதட்டைத் தொட்டால் உதட்டை மடித்துக்கொண்டாள்.
நாங்கள் வைத்திருக்கும் நோட்டில்
வாய்வழி: பூஜ்யம்
என்று எழுதினேன்.
பக்கத்தில் யாஸ்னா
புதுப் புட்டியில் தேதியும் நேரமும் ஒட்டிக்கொண்டிருந்தாள்.
அடுத்தது ஒன்பது மணிக்கு.